பிள்ளைகளின் கடிக்குறைபாடும் பற்சீராக்கலுக்குரிய காலமும்

பிள்ளைகளின் பற்கள் ஒழுங்கற்று முளைக்கும்போது அவற்றைச் சீராக்கும் வைத்தியம் எந்த வயதிலே தொடங்கப்படல் வேண்டும் என்பது, மேலெழுந்தவாரியாக நோக்கின், பல் வைத்தியர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய ஒரு தொழில்நுட்ப வினாவாகவே தோன்றும். ஆயின், ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளாக இவ்வினாவுக்கு அளிக்கப்பட்டு வந்த விடைகளை வரிசைப்படுத்தி நோக்குவோமாயின், அவை தாடை எலும்பின் இயல்பை மட்டும் பொறுத்தனவாக இருக்கவில்லை என்பது புலனாகும். வைத்தியத்துக்குப் பணங் கொடுப்பவர் யார், எந்த உலோகம் எந்த நாட்டிலே கிடைக்கக்கூடியதாக இருந்தது, ஒரு வைத்தியரின் அனுபவம் எப்போது அறிவாக ஏற்கப்படுகிறது என்பனவும் அவ்விடைகளை உருவாக்கியுள்ளன.

அமெரிக்கப் பற்சீராக்கல் வைத்தியர் சங்கம், ஒவ்வொரு பிள்ளையும் 7 வயதுக்குள் ஒரு முறையேனும் அத்துறை வைத்தியர் ஒருவராற் பார்க்கப்படல் வேண்டும் எனப் பரிந்துரைக்கின்றது. இப்பரிந்துரையிலே தவறேதும் இல்லை. ஏழு வயதளவிலே முதலாவது நிலையான கடைவாய்ப்பற்களும் முன்வெட்டும்பற்கள் சிலவும் முளைத்துவிடுகின்றமையால் கடியின் போக்கினை ஓரளவு கணிக்க முடியும். ஆனால் 'பார்த்தல்' என்பது நடைமுறையிலே 'செய்தல்' என்பதாக மாறிவிடுகிறது. ஏழு வயதிற் பார்க்கப்பட்ட பிள்ளை எட்டு வயதில் வாயிலே கம்பியுடன் திரிகிறது. பன்னிரண்டு வயதில் மீண்டும் கம்பி. இவ்வாறு இரு கட்டமாக நடத்தப்படும் வைத்தியத்தின் முதற்கட்டம் எவ்வளவுக்குத் தேவையானது? எமது கருத்திலே, விலையுயர்ந்த முற்கால வைத்தியங்களுட் பெரும்பாலானவை பொறுத்திருந்து செய்யக்கூடியவை. பொறுத்திருக்க முடியாதவையோ பெரும்பாலும் மலிவானவை, எளியவை. அதனாலேயே அவை கவனிப்பாரின்றிக் கிடக்கின்றன. இதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

முதலில் வாயினுள் நிகழ்வது யாதெனக் காண்போம். பாற்பற்கள் இருபது. ஆறு வயதளவிலே அவற்றுக்குப் பின்னால், எந்தப் பாற்பல்லும் விழாமலே, முதலாவது நிலையான கடைவாய்ப்பல் முளைக்கின்றது. பெற்றோர் பலர் இதனையும் பாற்பல் என்றே கருதிக் கவனியாது விடுவதால் இப்பல்லே முதலிற் சூத்தையடைகின்றது. தொடர்ந்து முன்வெட்டும்பற்கள் எட்டும் மாறுகின்றன. பின்னர் ஓரிரண்டு ஆண்டுகள் வெளிப்பார்வைக்கு எதுவும் நிகழ்வதில்லை. பத்து வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் இடையில் வேட்டைப்பற்களும் முன்கடைவாய்ப்பற்களும் இரண்டாவது கடைவாய்ப்பற்களும் வெளிவருகின்றன. பாற்பற்களும் நிலையான பற்களும் கலந்து நிற்கும் இந்த ஆறேழு ஆண்டுக் காலமே எமது விவாதத்துக்குரிய களமாகும்.

இக்காலத்தில் ஒரு பிள்ளையின் வாய் அழகாக இருப்பதில்லை. எட்டு, ஒன்பது வயதில் மேல் முன்பற்கள் விசிறிபோல் விரிந்து, நடுவில் இடைவெளி விட்டு நிற்கும். முகம் இன்னுஞ் சிறியதாகவும் பற்கள் முழு வளர்ச்சி பெற்றனவாகவும் இருப்பதால் அவை பெரிதாகத் தோன்றும். தாய்மார் கவலையுடன் பிள்ளையை அழைத்து வருவது பெரும்பாலும் இவ்வேளையிலேதான். அமெரிக்கரான புரோட்பென்ற் இதற்கு 'அழகற்ற வாத்துக்குஞ்சுப் பருவம்' எனப் பெயரிட்டார். அன்னப்பறவையின் குஞ்சு வாத்துக் கூட்டத்திலே அழகற்றதெனப் பழிக்கப்பட்டதாகக் கூறும் அன்டசனின் கதையை நினைவூட்டும் பெயர் இது. இதன் காரணம் எளியது. முரசுக்கு மேலே, எலும்பினுள், இன்னும் வெளிவராத வேட்டைப்பல்லின் பருத்த முடி, பக்க வெட்டும்பல்லின் வேரை நெருக்கிக்கொண்டு நிற்கிறது. வேர் உள்நோக்கித் தள்ளப்பட முடி வெளிநோக்கிச் சாய்கிறது. வேட்டைப்பல் கீழிறங்கி வரும்போது அந்த நெருக்கம் நீங்கி, சிறிய இடைவெளிகள் தாமாகவே மூடிக்கொள்கின்றன. இந்நிலையிலே அவசரப்பட்டுக் கம்பியிட்டுப் பற்களை ஒன்றாக இழுப்போமாயின், பக்க வெட்டும்பல்லின் வேர் வேட்டைப்பல்லின் முடியுடன் மோதித் தேய்ந்து கரையக்கூடும். அதாவது, இயற்கை இலவசமாகச் செய்யவிருந்த ஒன்றைப் பணங் கொடுத்துக் கெடுத்துக்கொள்ள முடியும்.

நெருக்கமாக முளைக்கும் கீழ் முன்பற்களைப் பற்றியும் இவ்வாறு ஒரு செய்தி உண்டு. பாற்கடைவாய்ப்பற்கள் தமக்குப் பதிலாக வரும் முன்கடைவாய்ப்பற்களிலும் அகலமானவை. எனவே, அவை விழும்போது ஒவ்வொரு பக்கத்திலும் சிறிது இடம் மிஞ்சுகிறது. கீழ்த்தாடையில் ஏறத்தாழ 2 மி.மீ., மேற்றாடையில் ஏறத்தாழ 1 மி.மீ. எனக் கொள்ளலாம். 1947 இல் நான்ஸ் என்பவர் இதனை அளந்து வெளியிட்டார். சிறிய அளவிலான நெருக்கத்தைத் தீர்ப்பதற்கு இவ்விடமே போதுமானது. கடைவாய்ப்பல் முன்னோக்கி நகர்ந்து அவ்விடத்தை விழுங்கிவிடாதபடி ஒரு மெல்லிய கம்பி வளைவினால் அதனைத் தடுத்து நிறுத்தினால் மட்டும் போதும். இதற்குரிய வேளை எட்டு வயதன்று. கடைசிப் பாற்கடைவாய்ப்பல் ஆடத்தொடங்கும் பதினொரு வயதளவு ஆகும்.

அவ்வாறாயின், முற்கால வைத்தியம் இவ்வளவு செல்வாக்குப் பெற்றது எவ்வாறு? அதன் வரலாறு சுவையானது.

நவீன பற்சீராக்கல் வைத்தியத்தின் தந்தை எனப்படும் அமெரிக்கரான எட்வேட் ஆங்கிள் 1899 இல் கடிக்குறைபாடுகளை மூன்று வகுப்புக்களாகப் பிரித்தார். முதலாவது கடைவாய்ப்பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் முறையே அப்பிரிவுக்கு அடிப்படை. கீழ்ப்பற்கள் பின்தங்கி நிற்பது இரண்டாம் வகுப்பு. பேச்சுவழக்கிலே மிதப்புப்பல் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இதிலடங்கும். கீழ்ப்பற்கள் முன்தள்ளி நிற்பது மூன்றாம் வகுப்பு. பற்களைச் சரியான இடத்தில் நிறுத்திவிட்டால், அவற்றின் தொழிற்பாடே எலும்பை வளர்த்துவிடும் என ஆங்கிள் நம்பினார். 1931 இல் அமெரிக்காவில் புரோட்பென்றும் ஜேர்மனியில் ஹொப்றாத்தும் தலையை ஒரே நிலையில் நிறுத்தி எக்ஸ்-கதிர்ப் படமெடுக்கும் முறையைத் தனித்தனியே உருவாக்கினர். வைத்தியத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிட்டபோது, மாறியிருந்தவை பெரும்பாலும் பற்களே, எலும்பன்று என்பது தெரியவந்தது. எனவே அமெரிக்கர், தாடையின் வளர்ச்சியைப் பரம்பரையே தீர்மானிக்கிறது, அதனை எம்மால் மாற்ற முடியாது என்ற மறு எல்லைக்குச் சென்றனர்.

ஐரோப்பா வேறு வழியிற் சென்றது. நோர்வேயிலே பணியாற்றிய டென்மார்க்கினரான விகோ அந்திரசன், தம் மகளுக்கு விடுமுறைக் காலத்திலே அணிவித்த ஒரு கழற்றக்கூடிய கருவி, கீழ்த்தாடையை முன்னுக்கு வைத்திருந்து கடியைத் திருத்தியதைக் கண்டார். அதிலிருந்து வளர்ந்ததே, ஹொய்ப்பல் என்பவருடன் சேர்ந்து அவர் பரப்பிய தாடை இயக்கக் கருவி. தாடையை வளரத் தூண்டலாம் என்பது இக்கொள்கையின் உயிர்நாடி. தாடை வளர்ச்சியைப் பற்றி அத்திலாந்திக் சமுத்திரத்தின் இருகரைகளிலும் இருவேறு உண்மைகள் நிலவின என்று சொன்னால் மிகையாகாது.

இவ்வேறுபாட்டுக்கு அறிவியல் மட்டும் காரணமன்று. அமெரிக்காவிலே பற்களில் ஒட்டிய நிலையான கருவிகள் பொன் கலந்த உலோகங்களாற் செய்யப்பட்டன. அவற்றைப் பொருத்தப் பல மணிநேரம் வேண்டும். அதற்குப் பணம் கொடுக்கும் தனியார் நோயாளர் அங்கிருந்தனர். ஐரோப்பாவில் சமூகநலத் திட்டங்கள் விரைவாக வளர்ந்துகொண்டிருந்தன. பலருக்குச் சிறிதளவேனும் வைத்தியம் வழங்க வேண்டியிருந்தது. நாசி ஜேர்மனியில் விலையுயர்ந்த உலோகங்களைப் பல் வைத்தியத்திற் பயன்படுத்துவதே தடைசெய்யப்பட்டது. றப்பரும், பின்னர் பிளாஸ்ரிக்கும், சாதாரண உருக்குக் கம்பியுமே கைக்கெட்டியவை. அவற்றால் செய்யக்கூடியவை கழற்றி மாட்டும் கருவிகள். அக்கருவிகள் ஒவ்வொரு பல்லையும் துல்லியமாக நகர்த்த வல்லன அல்ல; தாடையை முன்னுக்கு வைத்திருக்க மட்டும் வல்லன. ஆகவே தாடை வளர்ச்சியை நம்புவது அங்கு இயல்பாயிற்று. கையிலுள்ள கருவி எதுவோ அதற்கேற்பவே உடலைப் பற்றிய கோட்பாடும் அமைந்தது. பின்னாளிலே சோஷலிசக் கிழக்கு ஜேர்மனியின் சுவிக்கவ் நகரில் றொல்ப் பிரெங்கல் கன்னத்தையும் உதட்டையும் பற்களிலிருந்து விலக்கி நிறுத்தும் தமது கருவியை உருவாக்கினார். அது மேற்கு நாடுகளிலும் ஏற்கப்பட்டது. 1977 இல் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கிளார்க் 'இரட்டைக் கட்டை' எனப்படும் கருவியை அமைத்தார். மேற்றாடைக்கு ஒன்றும் கீழ்த்தாடைக்கு ஒன்றுமாகச் சரிவான முகங்கொண்ட இரு பிளாஸ்ரிக் கட்டைகள். வாயை மூடும்போது ஒன்று மற்றொன்றில் வழுக்கிக் கீழ்த்தாடையை முன்னே தள்ளும். குரங்குகளிலும் எலிகளிலும் நடத்தப்பட்ட ஆய்வுகள் தாடை மூட்டில் புதிய எலும்பு வளர்வதைக் காட்டியதும் அமெரிக்கரும் மனம் மாறினர். இருபதாம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில், பிள்ளை இளமையாக இருக்கும்போதே தாடையை வளர்த்துவிட வேண்டும் என்பது பொதுக்கருத்தாயிற்று.

இக்கருத்துக்குச் சான்றாக முன்வைக்கப்பட்டவை யாவை? வெற்றியளித்த நோயாளரின் முன்-பின் படங்கள். எட்டு வயதிற் கருவி பூட்டப்பட்டது. பத்து வயதிலே தாடை முன்னே வந்திருந்தது. எனவே கருவியே தாடையை வளர்த்தது என்பது வாதம். ஆனால் எட்டு வயதிலிருந்து பத்து வயது வரை எந்தப் பிள்ளையின் தாடைதான் வளராதிருக்கும்? கருவி பூட்டாத பிள்ளைகளிலும் ஒரு பகுதியினருக்குக் கடி ஓரளவு திருந்துவதுண்டு. மேலும், கருவியை அணிய மறுத்த பிள்ளைகளின் படங்கள் எவருடைய புத்தகத்திலும் இடம்பெறுவதில்லை. நேர்மையான வைத்தியர் ஒருவரும் தம் நாற்பதாண்டு அனுபவத்தினாலேயே ஏமாற்றப்படலாம். இங்கு யாரையும் பொய்யர் எனக் கூறவில்லை. ஒப்பிடுவதற்கு ஒரு குழு இல்லாத அனுபவம் இவ்வாறுதான் அமையும் என்கிறோம்.

இதனைத் தீர்க்க ஒரு வழியே உண்டு. ஒத்த பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடனேயும் மற்றைய குழுவுக்குப் பின்னரும் வைத்தியம் அளித்து, இரு குழுக்களின் இறுதி நிலையையும் அளத்தல் வேண்டும். அமெரிக்காவில் வட கரோலினாவிலும் புளோரிடாவிலும், பிரித்தானியாவில் மான்செஸ்ரர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெவின் ஓபிறையனின் தலைமையிலும் இத்தகைய ஆய்வுகள் நடத்தப்பட்டன. பிரித்தானிய ஆய்வைச் சற்று அருகிலிருந்து நோக்குவோம். 14 வைத்தியசாலைகள், 8 முதல் 10 வயது வரையான 174 பிள்ளைகள், மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களுக்கு 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் முன்தள்ளி நிற்பவர்கள். ஒரு பகுதியினருக்கு இரட்டைக் கட்டைக் கருவி உடனே வழங்கப்பட்டது, மற்றையோர் காத்திருந்தனர். இரு குழுவினரும் பதின்ம வயதிலே தேவையான வைத்தியத்தைப் பெற்று முடிக்கும்வரை பின்தொடரப்பட்டனர்.

2003 இல் வெளியான முதற் பெறுபேறுகள் முற்கால வைத்தியத்துக்குச் சாதகமாகவே தோன்றின. முன்தள்ளல் குறைந்திருந்தது. தம்மைப் பற்றிய பிள்ளைகளின் மதிப்பீடு உயர்ந்திருந்தது. பிறர் கேலி செய்வதும் குறைந்திருந்தது. ஆனால் திருத்தத்திற் பெரும்பகுதி பற்களின் நகர்வினால் ஆனது. எலும்பின் பங்கு மிகச் சிறியது. 2009 இல் வெளியான இறுதிப் பெறுபேறுகளில் அச்சிறிய பங்கும் மறைந்துவிட்டது. தாடைகளின் அமைப்பிலோ, பல் பிடுங்க வேண்டியோரின் தொகையிலோ, பிள்ளைகளின் தன்மதிப்பிலோ இரு குழுவினருக்குமிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. மாறாக, முன்னரே தொடங்கியவர்கள் வைத்தியசாலைக்குக் கூடுதலான தடவைகள் வந்திருந்தனர். அவர்களுக்கான மொத்தச் செலவு கூடியிருந்தது. இறுதியில் பற்களின் பொருத்தமோ சற்றுக் குறைவாகவே இருந்தது. அமெரிக்க ஆய்வுகளும் அடிப்படையில் இதனையே கூறின.

கருவி தாடையை வளர்க்கவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அடுத்த மாதச் சம்பளத்தை முற்பணமாகப் பெறுபவரின் கையில் இம்மாதம் பணம் கூடுதலாக இருக்கும்; ஆண்டு முடிவில் அவர் பெற்ற தொகை அதேதான். தாடையும் அவ்வாறே சில மாதங்கள் விரைந்து வளர்ந்து, பின்னர் தன் அளவுக்கே வந்து நிற்கின்றது.

எனினும் ஒரு நன்மை ஆய்வுகளின் பின்னும் நிலைத்து நின்றது. முன்தள்ளி நிற்கும் பற்கள் விழுந்தால் உடைபவை. முன்தள்ளல் 3 மி.மீ.க்கு மேற்பட்டால் முன்பற்கள் காயமடையும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகின்றது. இவ்வாய்வுகளை ஒன்றுதிரட்டிய கொக்றேன் மீளாய்வு 2013 இல் வெளிவந்தது. அதன்படி, தாடை இயக்கக் கருவியை முன்னரே பெற்றவர்களுள் நூற்றுக்கு 20 பேரும், பதின்ம வயதுவரை காத்திருந்தவர்களுள் நூற்றுக்கு 29 பேரும் முன்பற்களிற் புதிய காயம் அடைந்திருந்தனர். ஒரு பிள்ளையின் காயத்தைத் தவிர்க்கப் பத்துப் பதினொரு பிள்ளைகளுக்கு வைத்தியம் செய்ய வேண்டும் என்பது இதன் பொருள். இது பெரிய நன்மையா, சிறிய நன்மையா? ஒன்பது வயதிலே உடைந்து நரம்பிறந்த முன்பல் வாழ்நாள் முழுவதும் செலவு வைக்கும் ஒன்று. மிக அதிகமாக முன்தள்ளிய பற்களையுடைய, ஓடியாடி விழுந்தெழும்பும் ஒரு பிள்ளைக்கு, அல்லது பள்ளிக்கூடத்திற் கேலியால் ஒடுங்கிப்போன ஒரு பிள்ளைக்கு, முன்னரே வைத்தியம் செய்வதை எவரும் குறைகூறவியலாது. அது அப்பிள்ளைக்காக எடுக்கப்படும் தீர்மானம். தாடை வளரும் என்ற வாக்குறுதியுடன் எல்லோருக்கும் விற்கப்படுவது வேறு.

விற்பனை என்ற சொல்லை நாம் காரணத்துடனேயே பயன்படுத்துகிறோம். தனியார் வைத்தியத்தில் இரு கட்டங்கள் என்பது இரு கட்டணங்கள். 2018 இல் இன்விசலைன் நிறுவனத்தின் தெளிந்த பிளாஸ்ரிக் உறைகளும் பாற்பற்கள் கலந்த வாய்க்கெனத் தனியே சந்தைக்கு வந்தன. அண்ணத்தை அகட்டினால் குறட்டை நீங்கும், படுக்கையிற் சிறுநீர் கழித்தல் நிற்கும், படிப்பிலே கவனம் கூடும் என்பன போன்ற கூற்றுக்கள் சான்றுகளை வெகுதூரம் முந்திக்கொண்டு ஓடுகின்றன. இதற்கு மாறாக, அரசு செலவைப் பொறுப்பேற்கும் இடங்களில் வேறு வினா எழுகிறது: யாருக்கு முதலில்? 1989 இல் புறூக், ஷோ ஆகியோர் வைத்தியத் தேவையை ஐந்து படிகளாக அளக்கும் சுட்டி ஒன்றை வகுத்தனர். இங்கிலாந்திலே 2006 முதல், நான்காம் ஐந்தாம் படிகளிலுள்ள பிள்ளைகளுக்கும், மூன்றாம் படியில் தோற்றத்தால் மிகவும் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் மட்டுமே அரச செலவில் வைத்தியம் அளிக்கப்படுகிறது. இவ்வளவுகோலைப் பற்றி எமக்குச் சில ஐயங்கள் உண்டு. தோற்றத்தைப் புகைப்படங்களுடன் ஒப்பிட்டு எண்ணிடுவது எவருக்கும் நெருடலையே தரும். ஆயினும் பணப்பையின் பருமனைக் காட்டிலும் மில்லிமீற்றர் நீதியான அளவுகோல் என்பதை மறுக்கமுடியாது.

இனி, பொறுத்திருக்க முடியாதவற்றைக் காண்போம்.

மேல் முன்பல் ஒன்று கீழ்ப்பல்லுக்கு உட்புறமாக முளைத்துக் குறுக்குக்கடியாக அமைந்துவிட்டால், ஒவ்வொரு முறை வாய் மூடும்போதும் கீழ்ப்பல் வெளிநோக்கி இடிக்கப்பட்டு, அதன் முன்புற முரசு கீழிறங்குகிறது. பல் வெளிவந்துகொண்டிருக்கும் வேளையிலேயே கவனித்தால், ஐஸ்கிறீம் குச்சி போன்ற ஒரு தட்டையான மரக்குச்சியை அப்பல்லின் பின்னால் வைத்து, கீழ்ப்பற்களை நெம்புதாங்கியாகக் கொண்டு, பிள்ளை நாள்தோறும் கடித்துக்கொண்டிருப்பதாலேயே அதனை முன்னே கொண்டுவந்துவிடலாம். சில வாரங்களிற் காரியம் முடியும். பல் முழுதாக முளைத்துப் பூட்டிக்கொண்டபின் கருவி தேவைப்படும். உலகிலேயே மிக மலிவான பற்சீராக்கல் வைத்தியம் இதுவாகவே இருக்கவேண்டும். இதற்கு எந்த நிறுவனமும் விளம்பரம் செய்யப்போவதில்லை.

மேற்றாடை ஒடுங்கியதால் ஒரு பக்கக் கடைவாய்ப்பற்கள் குறுக்குக்கடியாக அமைவதும் இத்தகையதே. நீண்டகாலம் விரல் சூப்பும் பிள்ளைகளிடமும் சூப்பியை விடாத பிள்ளைகளிடமும் இது கூடுதலாகக் காணப்படும். இப்பிள்ளைகள் வாயை மூடும்போது பற்கள் முதலில் இடறுகின்றன. வசதியான கடியைத் தேடிக் கீழ்த்தாடை ஒரு பக்கத்துக்கு விலகுகிறது. அவ்விலகலுடனேயே பல ஆண்டுகள் வளர்ந்தால் முகம் கோணலாக வளரக்கூடும். நான்கைந்து வயதிலே பாற்வேட்டைப்பற்களின் கூரிய நுனிகளைச் சற்று அராவிவிடுவதாலேயே ஒரு பகுதிப் பிள்ளைகளில் இது திருந்துவதைச் சுவீடனில் திலாந்தரும் அவரது குழுவினரும் 1984 இல் எடுத்துக்காட்டினர். அவ்வாறு திருந்தாதவர்களுக்கு அண்ணத்தின் நடுப்பொருத்து மூடாத சிறுவயதிலேயே கம்பி விரிப்பான் கொண்டு மேற்றாடையை அகட்டலாம். பதின்ம வயது கடந்தபின் இது கடினமாகும். விரல் சூப்பும் பழக்கம் நிலையான முன்பற்கள் முளைக்குமுன் நின்றுவிட்டால், முன்பற்களுக்கிடையே தோன்றிய திறந்த கடி பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். கைவிரலில் வேப்பெண்ணெய் பூசித் தண்டிப்பதால் அன்று, பிள்ளையின் ஒத்துழைப்பைப் பெறுவதாலேயே பழக்கம் நிற்கும்.

மூன்றாம் வகுப்பைப் பொறுத்தவரை, இரண்டாம் வகுப்புக்குக் கிடைத்த விடைக்கு மாறான விடை கிடைத்திருப்பது நோக்கற்பாலது. பின்தங்கிய மேற்றாடையை முகமூடி போன்ற கருவியால் முன்னோக்கி இழுக்கும் முறையைப் பிரித்தானியாவில் 7 முதல் 9 வயது வரையான 73 பிள்ளைகளில் ஆராய்ந்தனர். ஆறு ஆண்டுகளின் பின், 2016 இல் வெளியான பெறுபேற்றின்படி, பிற்காலத்தில் தாடை அறுவைச் சிகிச்சை தேவையெனக் கருதப்பட்டோர், கருவி அணிந்தவர்களில் நூற்றுக்கு 36 பேர். அணியாதவர்களில் நூற்றுக்கு 66 பேர். ஆகவே 'முன்னரே செய்தல்' என்பதை முழுமையாக ஏற்பதும் முழுமையாக மறுப்பதும் ஒருங்கே தவறாகும்.

பாற்பற் சூத்தையையும் இங்கு சேர்த்தே எண்ணவேண்டும். 'விழப்போகிற பல்தானே' என்ற எண்ணத்துடன் சூத்தையடைந்த பாற்கடைவாய்ப்பல்லை ஆறேழு வயதிற் பிடுங்கிவிட்டால், பின்னாலுள்ள நிலையான கடைவாய்ப்பல் முன்னே நகர்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பின்னர் வரும் முன்கடைவாய்ப்பல்லுக்கு இடமில்லை. பரம்பரையினால் வராத ஒரு நெருக்கத்தை வறுமையும் சீனியும் உண்டாக்கிவிடுகின்றன. பல்லைக் காப்பாற்றுதல், இயலாவிடின் ஒரு வளையமும் கம்பியும் கொண்டு இடத்தைக் காத்தல், இரண்டுமே சாதாரணப் பல் வைத்தியரால் செய்யக்கூடியவை.

இறுதியாக, மேல் வேட்டைப்பல். இது கண்ணுக்கு அருகாமையில், எலும்பின் ஆழத்திலே உருவாகி, மற்றெப்பல்லிலும் நீண்ட வழி கடந்து வருவது. நூற்றுக்கு ஒருவர் இருவரில் அது வழிதவறி அண்ணத்தை நோக்கிச் செல்கிறது. நோவு இல்லை, வெளியே தெரியவும் இல்லை, பாற்வேட்டைப்பல் உறுதியாக அதேயிடத்தில் நின்றுகொண்டிருக்கும். இதற்கிடையில், உள்ளே, பக்க வெட்டும்பல்லின் வேர் கரைக்கப்படலாம். பதினைந்து வயதிற் கண்டுபிடிக்கப்பட்டால் அறுவைச் சிகிச்சை செய்து, பல்லிலே சங்கிலி ஒட்டி, இரண்டு ஆண்டளவு இழுத்து வரவேண்டும். பத்து வயதிற் கண்டுபிடிக்கப்பட்டாலோ, பாற்வேட்டைப்பல்லைப் பிடுங்கிவிடுவதே பலருக்குப் போதுமானது. 1988 இல் சுவீடனைச் சேர்ந்த எரிக்சன், குரோல் ஆகியோர், இவ்வாறு பிடுங்கியபின் 46 வேட்டைப்பற்களுள் 36 தாமாகவே நேர்வழிக்குத் திரும்பியதைப் பதிவு செய்தனர். அவர்களிடமும் ஒப்பீட்டுக் குழு இருக்கவில்லை என்பது உண்மையே. அக்குறையை நீக்கிய சுவீடன் ஆய்வொன்று 2015 இல் வெளிவந்தது. பாற்பல் பிடுங்கப்பட்ட இடங்களில் நூற்றுக்கு 69, பிடுங்கப்படாத இடங்களில் நூற்றுக்கு 39 வேட்டைப்பற்கள் வெளிவந்தன. தானே திருந்துவதும் உண்டு; பிடுங்கினால் கூடுதலாகத் திருந்துவதும் உண்மை.

இதனைக் கண்டறிவதற்குத் தொடக்கத்தில் எக்ஸ்-கதிர் தேவையில்லை. பிள்ளைக்கு ஒன்பது, பத்து வயதாகும்போது மேலுதட்டை உயர்த்தி, பாற்வேட்டைப்பல்லின் வேருக்கு மேலே முரசைச் சுட்டுவிரலால் இருபுறமும் தடவிப் பார்க்கவேண்டும். புடைப்பு இரு பக்கமும் தட்டுப்பட்டால் பெரும்பாலும் பயமில்லை. பத்து, பதினொரு வயதிலும் ஒரு பக்கம் புடைப்பும் மறுபக்கம் வெறுமையுமாக இருந்தால் படமெடுக்க அனுப்பவேண்டும். இலங்கையிலே, நியூசிலாந்தில் 1921 இல் தோன்றிய முறையை முன்மாதிரியாகக் கொண்டு, கொழும்புத் திட்ட உதவியுடன் மகரகமையில் பயிற்றப்பட்டு வந்த பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் உள்ளனர். பற்சீராக்கல் விசேட வைத்தியர்கள் பெரிய வைத்தியசாலைகளிலேயே இருக்க, ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் வாயை ஒழுங்காகத் திறந்து பார்ப்பவர்கள் இவர்களே. அவர்கள் நிரப்பும் பரிசோதனை அட்டையில் சூத்தைப் பற்களுக்கான கட்டங்களோடு, 'மேல் வேட்டைப்பல் தட்டுப்படுகிறதா: இடம், வலம்' என்ற ஒரு வரியும் இடம்பெறுமாயின், அதற்கு ஆகும் மேலதிகச் செலவு ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம்.